மனம்போல வாழ்வா? வ.உ.சி.யின் ஜேம்ஸ் ஆலன்

இரண்டு வருடங்களுக்கு முன், நான் மூன்றரை ஆண்டுகள் உழைத்த ஒரு மென்பொருள் திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. ஒன்பது மணிக்குக் கூட்டம். பத்து மணிக்கு அது முடிந்த கதை. எனக்கும் வேலை போயிற்று. போவதற்கு முன் 'கற்ற பாடங்கள்' என்ற தலைப்பில் ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தபோது, நடந்த எல்லாத் தவறும் அதில் என் தவறாகவே இருந்தது. அப்படி எழுதும்படி யாரும் கேட்கவில்லை.

பிறகு ஓல்போர்க்கில் வேலை தேடுவோருக்கான வகுப்பு ஒன்றுக்குப் போனேன். தோல்வி ஒரு பரிசு என்றும், மீண்டெழுவது மனத்தின் கையில் இருக்கிறது என்றும் அங்கே சொன்னார்கள். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. வீட்டுக்கு வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் புத்தகப் பெட்டியைத் திறந்தேன். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் 'மனம்போல வாழ்வு' கிடைத்தது.

எங்கள் பள்ளிச் சுவரில் வ.உ.சி.யின் படம் இருந்தது. கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்ற இரண்டு பட்டங்களும் எங்களுக்கு மனப்பாடம். அவர் தமிழின் தொடக்ககாலத் தன்னம்பிக்கை நூல் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் சிறு நூல் 1903இல் வெளிவந்தது. வ.உ.சி. அதைச் சிறைவாசத்தின்போது தமிழாக்கி 'மனம்போல வாழ்வு' என்று பெயரிட்டார். விடுதலைக்குப் பின் 'அகமே புறம்' (1914), 'வலிமைக்கு மார்க்கம்' (1916), 'சாந்திக்கு மார்க்கம்' (1934) என்று ஆலனின் நூல்களைத் தொடர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆக, ஏதோ ஒரு சமயத்தில் ஆறுதலுக்காகச் செய்த வேலை அல்ல இது. கால் நூற்றாண்டு நீடித்த உறவு.

ஆலனின் கொள்கை எளிது. மனிதனின் நினைப்பே அவன் குணமாகிறது, குணமே அவன் சூழ்நிலையாகிறது; வெளியே நமக்கு நேர்வது உள்ளே நாம் விதைத்தது. இந்த வாதத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர் யார் என்று பாருங்கள். 1906இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டும் திட்டத்தோடு சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். எதிரே இருந்தது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம். அது கட்டணத்தை வெட்டியது, ஆட்சி நிர்வாகம் அதன் பக்கம் நின்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில்தான். அதற்குள் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்ட ஒருவர், சூழ்நிலை என்பது மனத்தின் விளைவு என்று எழுதுகிறார். இதை எப்படிப் படிப்பது?

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாவது வாசிப்பில் ஒன்று பிடிபட்டது. ஒரே வாக்கியம், அதைச் சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு வேலை செய்கிறது. சிறைக்குள் இருப்பவனிடமிருந்து உடை, உணவு, உழைப்பு, நேரம் எல்லாவற்றையும் பறித்துவிட்டார்கள். மனம் ஒன்றுதான் மிச்சம். 'என் வாழ்வு என் மனம்போல' என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது அதிகாரியை நோக்கிய எதிர்ப்பு. அதே வாக்கியத்தை வேலையை இழந்தவனிடம் வெளியே நிற்கும் பயிற்சியாளர் சொன்னால், அது குற்றச்சாட்டு. நூலின் தமிழ்ப் பெயரே இதற்கு இடம் கொடுக்கிறது. 'மனம்போல் மாங்கல்யம்' என்று வாழ்த்தும் நாக்குக்கு 'மனம்போல வாழ்வு' என்பதும் வாழ்த்தாகக் கேட்கிறது. உனக்கு நேர்ந்தது உன் மனத்தால்தான் என்ற கண்டிப்பு அதன் அடியில் இருப்பது உடனே தெரிவதில்லை.

இந்த நூலைத் தனியாகப் படிக்கக் கூடாது என்பதே என் கட்சி. அதன் பக்கத்தில் வைக்கவேண்டியது, வ.உ.சி. செய்யுளில் எழுதிய சுயசரிதை. அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1946இல் நூலானது. அகவல் நடை இன்றைய காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் அதில் ஆட்சியர் விஞ்சோடு நடந்த பேச்சு இருக்கிறது, வழக்கு இருக்கிறது, சிறை அதிகாரிகளோடு நடந்த சச்சரவுகள் இருக்கின்றன. யார் என்ன செய்தார்கள் என்பது பெயரோடு பதிவாகியிருக்கிறது. தன் மனக்குறைதான் தன்னைச் சிறைக்கு அனுப்பியது என்று அவர் எழுதவில்லை. ஆலனை நம்பியவர், தன் கதையைச் சொல்லும்போது ஆலனைப்போலச் சொல்லவில்லை.

இதை முரண்பாடு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது முறையாகப் படுகிறது. குறளிலும் 'ஊழ்' ஓர் அதிகாரம், 'ஆள்வினை உடைமை' ஓர் அதிகாரம், 'இடுக்கண் அழியாமை' ஓர் அதிகாரம். ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிடவில்லை. குறளுக்கு உரை எழுதிய வ.உ.சி.க்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

நம் மேடைகள் செய்யும் தவறு வேறு. அவை 1912இலிருந்து நேரே சிலைக்குத் தாவிவிடுகின்றன. இடையில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. வழக்கறிஞர் உரிமம் பறிபோய், சென்னையில் மண்ணெண்ணெய் விற்று, உரிமம் திரும்பக் கிடைத்தபின் கோவில்பட்டியில் வழக்காடி, கடனோடு 1936இல் இறந்தார். அவரைப் பற்றி 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படம்கூட வெளியானபோது வசூலில் தோற்றது.

ஓல்போர்க்கிலும் இப்படி ஒரு கதை உண்டு. லிம்ஃபியோர்ட் கரையில் யோர்ன் உட்சன் வடிவமைத்த மையம் நிற்கிறது; 2008இல் திறந்தார்கள். இந்த ஊரில் வளர்ந்தவர் அவர். அப்பா இங்கே கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளர். 1957இல் சிட்னி ஓப்பரா அரங்குக்கான போட்டியில் வென்றார். செலவு பல மடங்கு ஏறியது, அரசோடு தகராறு வந்தது, 1966இல் வேலையை விட்டு வெளியேறினார். முடிந்த கட்டடத்தை நேரில் பார்க்காமலே இறந்தார். ஆனால் 2003இல் பிரிட்ஸ்கர் பரிசு வந்தது. அதனால் அவர் கதையைத் தோல்வியிலிருந்து மீண்ட கதையாகச் சொல்வது சுலபம். வ.உ.சி.யின் கதைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. வெற்றியில் முடிந்தால்தான் தோல்வி பாடமாகும் என்றால், நம்மில் பெரும்பாலோர் எதையும் கற்காதவர்களே.

மனம் மட்டும் போதுமானதாக இருந்ததா என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிழைக்கப்போன தமிழர்கள் வ.உ.சி.க்காகப் பணம் திரட்டினார்கள். அது காந்தி வழியாக வரவேண்டியிருந்தது. 1915–16இல் நடந்த நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகே கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி நூலாகத் தந்திருக்கிறார். அகமே புறம் என்று அச்சிட்டவர், தனக்குப் பணம் தேவை என்று காந்திக்குக் கூச்சமில்லாமல் எழுதினார். அந்தக் கடிதங்களையும் அவருடைய தன்னம்பிக்கை நூல்களின் வரிசையிலேயே நான் வைப்பேன். உதவி கேட்பதும் மீண்டெழுவதன் பகுதிதான். புலம்பெயர்ந்த நாம் இந்தக் கதையில் எங்கே நிற்கிறோம் என்று தேடினால், பணம் திரட்டியவர்கள் பக்கம் ஓர் இடம் இருக்கிறது.

என் அறிக்கையை மறுபடி எழுதினேன். யாருக்கும் அனுப்பவில்லை. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நான் செய்த தவறுகள், வலப்பக்கம் எனக்கு வெளியே நடந்தவை. இடப்பக்கத்தில் ஏழு வரி நின்றது. எல்லாம் உண்மையான தவறுகள், திருத்திக்கொள்ளக் கூடியவை. வலப்பக்கத்தில் பதினோரு வரி. அன்று இரவுதான், பல வாரங்களுக்குப் பிறகு, நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு வேலை போய்விட்டது என்று சொன்னேன்.