ஊர் அழைத்த கூத்தும் ஊர் தேடிய நாடகமும்

ந. முத்துசாமி 2018 அக்டோபர் 24 அன்று சென்னையில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பல, பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்ற பெயர்வரிசையில் போய் முடிந்தன. அவர் நண்பர்களோடு தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதிய விஜய் சேதுபதியின் பெயரும் தவறாமல் இருந்தது. சினிமாவுக்கு நல்ல நடிகர்களைத் தந்தவர் என்பதே கடைசியில் அவருக்குக் கிடைத்த பொது அடையாளம். வாழ்நாளின் பெரும்பகுதி நாடகம் எழுதியவர் அவர். அந்த நாடகங்களில் ஒன்றையாவது பெயர் சொல்லி நினைத்தவர்கள் குறைவு. இது எனக்குப் பெரிய மனக்குறை. அவரை நாடகாசிரியராக வைத்துப் பேச வேண்டுமென்றால் அவர் பிறந்த புஞ்சையோடும் பட்டறை நடந்த சென்னையோடும் நிறுத்திக்கொள்ள முடியாது. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம், மேலே செய்யாறு வரை விரிந்து கிடக்கும் கூத்து நிலத்துக்கு வந்தே ஆக வேண்டும். அவருடைய நாடகத்துக்கு உடம்பு கிடைத்தது இந்த நிலத்தில்தான்.

1936இல் பழைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சையில் பிறந்த முத்துசாமி, சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் வழியாகச் சிறுகதைக்காரராகத்தான் வந்தார். 'நீர்மை' படித்தவர்களுக்கு அந்த உரைநடையின் நிதானம் தெரியும். முதல் நாடகமான 'காலம் காலமாக' 1960களின் இறுதியில் சேலத்திலிருந்து சி. மணி நடத்திய 'நடை'யில் வெளிவந்தது. அன்றைக்குச் சென்னையில் நாடகம் என்றால் சபா நாடகம். மேடையில் சோபா, பக்கத்தில் டெலிபோன், நிமிடத்துக்கு ஒரு கைதட்டல். அந்தச் சூழலில், கதை என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாத, பேச்சு மட்டும் சுற்றிச் சுற்றி வருகிற பிரதிகளை அவர் எழுதினார். 'அப்பாவும் பிள்ளையும்', 'நாற்காலிக்காரர்' எல்லாம் அந்த வகை. 'நாற்காலிக்கார'ரில் ஒருவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றி இரண்டு தரப்பு ஓட்டுக்கு மோதுகிறது. விமர்சகர்கள் உடனே பெக்கெட், அயனெஸ்கோ என்று பெயர்களை எடுத்தார்கள். அபத்த நாடகம் என்ற முத்திரையும் விழுந்தது. எனக்கு அந்தப் பேச்சு காவிரிக்கரைத் திண்ணையில் கேட்கிற பேச்சாகத்தான் படுகிறது. ஒருவர் சொன்னதையே மூன்று முறை திருப்பிச் சொல்வார். எதிரில் இருப்பவர் தன் போக்கில் வேறொன்று சொல்லிக்கொண்டிருப்பார். இடையில் ஒரு வார்த்தை வந்து இருவரையும் குத்தும். பாரிஸிலிருந்து கடன் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஆனால் இந்தப் பேச்சை மேடையில் யார் பேசுவது? சபா நடிகருக்கு வசனம் ஒப்பிக்கத் தெரியும். கதையே இல்லாத வசனத்தை அவர் எந்த உடம்பால் தாங்குவார்? இந்தக் கேள்விக்கு முத்துசாமிக்குக் கிடைத்த விடை செய்யாறு பக்கத்துப் புரிசையின் கூத்து. 1970களில் அதைப் பார்த்த பிறகு அவர் நாடகத்தைப் பற்றி யோசிக்கும் முறையே மாறிவிட்டது. 'அன்று பூட்டிய வண்டி' என்ற கூத்துக் கட்டுரைத் தொகுப்பு அந்த மாற்றத்துக்குச் சாட்சி. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரான் அவருக்கு ஆசான், தோழர், அளவுகோல் எல்லாமாக ஆனார்.

கூத்தில் அவர் கண்டது என்ன என்று தெரிய ஒரு நுழைவைப் பார்த்தால் போதும். மேளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து களரி கட்டியாகிவிட்டது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் பூண்டு துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றே பாடுகிறான். அவன் இன்னார், இப்படிப்பட்டவன் என்று தன்னைத் தானே படர்க்கையில் சொல்லிக்கொள்கிறான். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவனை இறக்கிவிடுகிறான். சுழன்று ஆடி, மூச்சு வாங்க நின்று, உள்ளூர்க்காரர் ஒருவர் தந்த பணத்துக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடி துரியோதனனாகிறான் நடிகன். பாத்திரத்துக்குள் கரைந்துபோவது அங்கே கிடையாது. ராஜாவும் அவனே, ராஜாவைக் காட்டுகிறவனும் அவனே. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் கதையைத் தூக்கிச் சுமக்கும் வேலை நடிகனுக்கு இல்லை. முத்துசாமியின் கதையற்ற பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு கிடைத்திருக்காது.

இந்த உடம்பை வளர்த்தது ஊர். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் மூலத்தலமாகச் சொல்வது இப்பகுதி வழக்கம். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியிட்ட முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத்தலைப்பு வைத்தது அதனால்தான். இங்கே திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாகப் போய், படுகளத்திலும் தீமிதியிலும் முடியும். வெற்றிலை பாக்கு வைத்து, முன்பணம் கொடுத்து, தேதி வாங்குவது ஊர்ப் பெரியவர்கள். செலவு வீட்டு வரி. யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. யாரும் தனியாளாகப் பார்வையாளராக வருவதுமில்லை. கூத்து அவர்களுடைய திருவிழாவின் ஒரு காரியம்.

படுகளத்தன்று காலையில் அதன் முழுப் பொருள் தெரியும். கோயில் வெளியில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு மனிதன் அதன் மார்பு மேல் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிய உருவம். இரவெல்லாம் ஆடிக் களைத்த பீமனும் துரியோதனனும் வேஷம் கலைக்காமல் அந்த உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். மண் தொடையில் புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடுகிறது. திரௌபதி வேஷக்காரர் அவிழ்ந்த கூந்தலை முடிகிறார். அந்த நேரத்தில் அவர் முன்னால் கைகூப்பி விழுகிற பெண்களுக்கு அவர் பக்கத்து ஊர்க் கூத்தாடி என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தே விழுகிறார்கள். சில ஊர்களில் காந்தாரி துடைப்பமும் முறமுமாக வந்து மண் மகனை அடித்து ஒப்பாரி வைப்பாள். சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வரும். முத்துசாமி பின்னாளில் ஒரு நாடகத்துக்குப் 'படுகளம்' என்றே பெயர் வைத்தார்.

இதே நிலத்தில், விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே குடைந்த குடைவரையைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரனின் பட்டப்பெயர்) எடுப்பித்த லக்ஷிதாயதனம் என்ற கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. கட்டடக்கலை வரலாறு இந்த வரியோடு நின்றுவிடும். நாடக வரலாறு இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த விசித்திரசித்தன் 'மத்தவிலாசம்' என்ற அங்கதத்தை எழுதிய நாடகாசிரியன். காஞ்சித் தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகன், தொலைந்துபோன அவனுடைய கபாலம், அதைத் திருடியதாகச் சந்தேகிக்கப்படும் பௌத்த பிக்கு, கடைசியில் நாய் கவ்விப்போனதைக் கொண்டுவரும் பைத்தியக்காரன், இவ்வளவுதான் கதை. மாமண்டூர்க் கல்வெட்டிலும் 'மத்தவிலாசம்' என்ற பெயர் இருக்கிறது. பிரதி கேரளத்துச் சாக்கியார்களின் கூத்தில் தங்கியது. 1917இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அச்சேற்றிய பிறகே மற்றவர்கள் படிக்க முடிந்தது. எழுதியவன் ராஜா, நாடகம் நடக்கிற இடமோ காஞ்சித் தெரு. குடைவரையின் முகப்பில் இரு ஓரங்களிலும் நிற்கும் வாயிற்காவலர்களைப் பார்த்தால், கல்லில் ஓர் உடம்பு எப்படி எடையை ஊன்றி நிற்கிறது என்பதில் அவனுக்கு இருந்த அக்கறை தெரியும். நாடகம் எழுதியவன் அக்கறை அது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

தேவையில்லாததை விலக்கிவிட்டு மிஞ்சுவதில் நிற்பது என்ற மண்டகப்பட்டுத் துணிவு 1977இல் முத்துசாமியும் நண்பர்களும் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது மறுபடி வந்தது. சோபா போனது, திரைச்சீலை போனது, மின்விளக்கு ஜாலம் போனது. மிஞ்சியது நடிகன். 1980களின் இறுதியில் ஃபோர்டு அறக்கட்டளை நிதி வந்ததும், தமிழில் அதுவரை இல்லாத ஒன்று நடந்தது. நடிகர்களுக்கு மாதச் சம்பளம் தந்து, முழுநேரமும் பயிற்சியில் வைத்திருக்க ஒரு நவீன நாடகக் குழுவால் முடிந்தது. சிலம்பம், கூத்து அடவு, குரல் பயிற்சி என்று உடம்பைத் தட்டிச் சீராக்கும் வேலை. அந்நிய நிதி பற்றிச் சிறுபத்திரிகை வட்டத்தில் கடுமையான விமர்சனம் எழுந்தது. அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் சம்பளம் இல்லாமல் ஒரு நடிகன் பத்து வருடம் தன் உடம்பை எப்படித் தயார் செய்வான் என்று விமர்சித்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

இந்தக் காலத்து நாடகங்கள் அவருடைய சிறந்தவை. சினிமா முகமும் அரசியல் முகமும் ஒன்றாகிப்போன தமிழ்ச் சுவரைப் பேசிய 'சுவரொட்டிகள்', பெரிய நடிகர் கூட்டத்தை வேண்டி நின்ற 'இங்கிலாந்து', தன் ஊர்க் கோயில் சாமியின் பெயரையே எடுத்துக்கொண்ட 'நற்றுணையப்பன்'. படிக்கும்போது வழுக்கிப் போகிற வசனம், பயிற்சி பெற்ற உடம்பு ஒன்று நடுவில் நின்று பேசும்போது இறுகிவிடுகிறது. இவற்றைப் புத்தகமாகப் படித்துப் புரியவில்லை என்று ஒதுக்கியவர்கள் இசைக்குறிப்பைப் படித்துவிட்டுப் பாட்டு பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள். 1999இல் சங்கீத நாடக அகாதமி விருது, 2012இல் பத்மஸ்ரீ. இவை வந்ததால் நாடகங்கள் கூடுதலாக மேடை ஏறிவிடவில்லை.

அவர் தனியாள் இல்லை. 1970களின் இறுதியில் காந்திகிராமத்தில் நடந்த பயிற்சி முகாமும், 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையும் ஒரு தலைமுறையையே உலுக்கின. ஞாநியின் பரீக்ஷா, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், பிரளயனின் சென்னைக் கலைக்குழு எல்லாம் முன்னும் பின்னுமாக அந்த ஒரு பத்தாண்டில் எழுந்தவை. பிரளயன் தெருவுக்குப் போனார், தொழிற்சங்கத்தின் கூட்டம் அவருக்கு ஊரானது. இந்திரா பார்த்தசாரதியின் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகப் பள்ளி அமைந்தது. அங்கே பணியாற்றிய கே.ஏ. குணசேகரன் 'பலியாடுகள்' எழுதி, யாருடைய உடம்பு மேடையில் நிற்கிறது என்ற கேள்வியைச் சாதியின் பக்கம் திருப்பினார். முத்துசாமி அழுத்திக் கேட்காத கேள்வி அது. விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே, ஆரோவில்லை ஒட்டி, வீணாபாணி சாவ்லா 1990களில் மும்பையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய ஆதிசக்தி இருக்கிறது. கூடியாட்டத்திலிருந்தும் தாளத்திலிருந்தும் 'பிருகந்நளா', 'கணபதி' என்று அவர் உருவாக்கியவை உலகம் சுற்றின. 2014இல் அவர் மறைந்த பின்னும் அந்த வளாகம் இயங்குகிறது. ஆனால் சில மைல் தொலைவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கும் அந்த அழகிய அரங்குக்கும் இடையே போக்குவரத்து மிகக் குறைவு.

எதிர்த்திசையில், கூத்தின் பக்கமிருந்து வந்த முயற்சிகள் இதைவிட நம்பிக்கை தருகின்றன. புரிசைக் குழு பிரெக்டையும் மார்க்கேஸையும் தன் அடவுக்குள் இழுத்துக்கொண்டது. காஞ்சிபுரத்துக்கு அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னே தெ ப்ரூயினும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தையும், 2002இல் குருகுலத்தையும் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்து, அதிலும் பெண்பிள்ளைகளுக்குக் கூத்து. பரம்பரையாக ஆண்கள் கட்டிய வேஷத்தைச் சிறுமிகள் கட்டி ஆடினார்கள். 2020இல் குருகுலப் பள்ளி மூடப்பட்டது. நவீன நாடகக்காரர்கள் கூத்திலிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகத் திருப்பித் தந்தது என்ன என்று கேட்டால், இந்த மாதிரி இரண்டொரு பெயர்களைத்தான் சொல்ல முடிகிறது.

முத்துசாமி கூத்திலிருந்து நடிகனை எடுத்தார். ஊரை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அது அவருடைய குற்றம் இல்லை. ஊரைப் பெயர்த்துச் சென்னை மேக்ஸ்முல்லர் பவன் அரங்கில் வைக்க யாராலும் முடியாது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து இரண்டு மூன்று காட்சியோடு நிற்கிற நாடகத்தில், பயிற்சி பெற்ற நடிகன் வேறு எங்கே போவான்? சினிமாவுக்குப் போனான். அதை அவருடைய வெற்றியாகக் கொண்டாடுகிறவர்கள், அவர் நாடகங்களுக்கு நடிகர் இல்லாமல் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாடகம் படிக்கிற பிள்ளைகள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி எல்லாத் திசையிலும் கூத்து ஊர்கள். பாரதக் கூத்துக்குக் களரி கட்டுவதற்கு முன், ஜனம் சாப்பிட்டுவிட்டுப் பாயோடு வந்து இடம் பிடிக்கிற ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, முத்துசாமியின் நாடகம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அங்கேயே எழுந்து சொல்வார்கள், சென்னைப் பார்வையாளர்களைப் போல மரியாதைக்குக் கைதட்ட மாட்டார்கள். முதலில் 'சுவரொட்டிகள்' போகட்டும். கட்சிச் சுவரும் சினிமாச் சுவரும் இல்லாத ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் கிடையாது.