தொண்ணூற்று நான்காம் பக்கம்

அக்கா மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரம் அவள் கையில் கொடுத்த கையேட்டை, எங்கள் காலத்தில் ‘காலண்டர்’ என்போம், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தேன். யாரும் மதிப்புரை எழுதாத நூல்வகை அது. ஆனால் முதன்முறையாக வீட்டைவிட்டு வெளியே வந்து தங்கும் பெண்ணிடம் ஒரு நிறுவனம் பேசும் முதல் வாக்கியங்கள் அதில்தான் இருக்கின்றன. பிரச்சினை என்று வந்தால் அவள் புரட்டப்போவதும் அதைத்தான்.

நிறுவனர் படம், கல்லூரிப் பாடல், பிறகு விதிகள். துப்பட்டாவை இரு தோளிலும் ஊசி குத்தி அணிய வேண்டும். விடுதிப் பெண்கள் மாலை ஆறரைக்குள் திரும்ப வேண்டும். பெற்றோர் கையெழுத்தில்லாமல் வெளியே போகக் கூடாது. வேண்டும், கூடாது, வேண்டும், கூடாது. யார் செய்ய வேண்டும், மீறினால் எத்தனை ரூபாய் அபராதம் என்பதில் துளியும் குழப்பமில்லை. ஆண்கள் விடுதிக்குத் திரும்பும் நேரம் மட்டும் எங்கும் காணோம்.

உதவி என்ற பேச்சு வருவது 94ஆம் பக்கத்தில். அங்கே மொழியே மாறிவிடுகிறது. உள்ளகப் புகார்க் குழு ‘அமைக்கப்பட்டுள்ளது’. மனநல ஆலோசனை மையம் ‘செயல்பட்டு வருகிறது’. யார் அமைத்தார், எந்த அறையில் இருக்கிறது, கதவு எப்போது திறந்திருக்கும், உள்ளே போனால் என்ன கேட்பார்கள், வீட்டுக்குச் சொல்வார்களா என்று ஒரு வார்த்தை இல்லை. நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நேரம் போட்டிருக்கிறார்கள். குழுவின் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அதில் இரண்டு துறைத்தலைவர்கள். மாணவிகள் யாருமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை வகுத்து 2016இல் அரசிதழில் வெளியிட்டது. அதன்படி துறைத்தலைவர், புலமுதல்வர், பதிவாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பிலுள்ளவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. மாணவர் தொடர்பான புகாரென்றால் தேர்தல் முறையில் வந்த மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதியில் ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள்மேல் சுமத்தக் கூடாதென்றும் அது சொல்கிறது. ஆறரை மணி விதியை அச்சடித்தவர்கள் இதைப் படித்திருப்பார்களா என்று கேட்பதுகூட வெகுளித்தனம்தான்.

இதே கையேட்டின் மூன்றாம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தடித்த எழுத்தில் ராகிங் எச்சரிக்கை, கட்டணமில்லாத் தொலைபேசி எண், தண்டனை விவரம். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையடுத்து மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009இல் மானியக் குழுவின் விதிகள் வந்தன. அவற்றின்படி சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். ஆக, புதிதாக வரும் ஒருவருக்கு உதவி எங்கே கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்ல இந்த நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராகிங் மாணவர்கள் செய்யும் குற்றம், அதை உரக்கச் சொல்வதில் நிர்வாகத்துக்குச் சங்கடமில்லை. பாலியல் துன்புறுத்தல் செய்தவர் ஆசிரியராக இருக்கலாம், ஆய்வக உதவியாளராக இருக்கலாம், நிர்வாகிக்கு வேண்டியவராக இருக்கலாம். அதனால்தான் இது மூன்றாம் பக்கத்துக்கு வராமல் 94க்குப் போயிருக்கிறது என்று வாசிக்கிறேன்.

இந்தத் தெளிவின்மைக்கு விலை உண்டு. விதிப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். எந்தக் கட்டடம், யார் மேடம் என்று தெரிந்துகொள்ளவே முதலாண்டுப் பெண்ணுக்கு ஒரு செமஸ்டர் ஆகிவிடும். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதைக் கையேடு மறக்காமல் சொல்கிறது. ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பிரிவு, நிரூபிக்க முடியாமல் போனதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்கிறது. அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தை அதீதம் என்று சொல்ல முடியவில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. ஊரிலிருக்கும் அப்பாக்கள் இந்தச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். ‘வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்’ என்பதுதான் பெரும்பாலான பெண்களின் முதல் கணக்கு. புகாரின் ரகசியம் எப்படிக் காக்கப்படும் என்று இரண்டு வரி அச்சடித்திருந்தால் அந்தக் கணக்கு சிலருக்காவது மாறும்.

குழுவிலுள்ள பேராசிரியைகளைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பாடவேளை ஒன்றுகூடக் குறையாமல், மேலிடத்தின் முறைப்பையும் தாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பதே மாணவிகளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கொடுமை.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் தந்த திட்டத்தைக் கல்விக்கு மாற்றியது, என்னைக் கேட்டால், நல்ல காரியம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் இதனால் வருகிறார்கள். வளாகத்தில் அவர்களுக்குத் தெரிந்த அக்கா இல்லை, சாதிக்காரர் இல்லை, ஊர்க்காரர் இல்லை. உண்மையான கையேடு விடுதி மாடியில் இரவு பத்து மணிக்கு மேல் வாய்மொழியாகக் கைமாறுகிறது: எந்தச் சார் அறைக்குத் தனியாகப் போகாதே, எந்த வார்டனிடம் அழலாம். அது யாரோடு யார் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பேருந்தில் வந்துபோகும் பெண்ணுக்கு அந்த மாடியும் கிடையாது.

அக்கா மகளும் தோழிகள் இருவரும் அலுவலகத்தில் போய்க் குழுவின் அறை எது என்று கேட்டார்களாம். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, “ஏம்மா, என்ன ஆச்சு? எந்த டிபார்ட்மென்ட்? அப்பா என்ன பண்றாரு?” என்று கேட்டிருக்கிறார் எழுத்தர். “சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். பிறகு மூன்றாமாண்டு அக்கா ஒருத்தியிடம் விசாரித்து, 94ஆம் பக்க ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்: இரண்டாம் மாடி, ஸ்டாஃப் ரூமைத் தாண்டித்தான் போகணும், மதியம் போனால் யாரும் இருக்க மாட்டார்கள்.