விற்பவரே சிக்கனம் சொன்னால்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மின் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்தைக் கொண்டு மின் நிறுவனமே பல்புக்கும் ஏசிக்கும் தள்ளுபடி தருகிறது. வீட்டுக்கு ஆளனுப்பி மின்சாரம் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்கிறது. 'குறைவாக வாங்குங்கள்' என்று சொல்லும் பொறுப்பை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்திடமே அரசு கொடுத்திருப்பது, மதுவிலக்குப் பிரசாரத்தைக் கள்ளுக்கடைக்காரரிடம் ஒப்படைத்ததைப் போலத் தோன்றும். ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஏற்பாடு நீடிக்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

ஒவ்வொரு வீட்டின் மின் பயன்பாட்டுக் கணக்கும் மின் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எந்தத் தெருவில் மின்மாற்றி திணறுகிறது என்பதும் அதற்குத்தான் தெரியும். கட்டணத்தோடு வசூலாகும் பணம், ஆண்டுதோறும் சட்டமன்ற பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பலனும் சொற்பமல்ல: ஒரு யூனிட்டை மிச்சப்படுத்த இத்திட்டங்களுக்கு ஆகும் செலவு சராசரியாக இரண்டரை சென்ட் அளவுதான் என்கிறது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். அந்த விலைக்குப் புதிய மின் நிலையம் கட்டி மின்சாரம் தருவது கடினம்.

விற்பனை குறைந்தால் வருமானமும் குறையுமே என்ற சிக்கலுக்குக் கலிஃபோர்னியா 1982-இலேயே வழி கண்டது. நிறுவனத்தின் ஆண்டு வருவாயை ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயித்துவிடும். விற்பனை குறைந்து வருவாயில் துண்டு விழுந்தால், பிற்பாடு கட்டணத்தைச் சற்று உயர்த்தி ஈடுகட்டலாம். கூடுதலாக வந்தால் திருப்பித் தர வேண்டும். சிக்கனத்தால் நிறுவனத்துக்கு நட்டமில்லை என்பது இதனால் உறுதியானது. ஆனால் நட்டமில்லை என்பதாலேயே அக்கறை வந்துவிடாது. மின்கம்பியிலும் துணை மின் நிலையத்திலும் போட்ட முதலுக்குத்தான் ஆணையம் லாபம் அனுமதிக்கிறது. வெப்பக்காப்புக்குத் தந்த தள்ளுபடிக்கு லாபம் இல்லை.

அந்த அக்கறையை உண்டாக்கக் கலிஃபோர்னியா 2007-இல் ஊக்கத்தொகையை அறிவித்தது. அங்கே வேறொரு வம்பு முளைத்தது. விற்ற மின்சாரத்தை மீட்டர் காட்டும். விற்காத மின்சாரத்தைக் காட்ட எந்த மீட்டரும் இல்லை. தள்ளுபடி இல்லாவிட்டாலும் அந்தப் பொருளை வாங்கியிருப்பவர் எத்தனை பேர் என்பதும் அனுமானம்தான். 2006–08 காலத்துச் சேமிப்பு, நிறுவனங்கள் சொன்னதைவிடக் குறைவு என்று ஆணையத்தின் மதிப்பீட்டாளர்கள் கண்டார்கள். நீண்ட சச்சரவுக்குப் பிறகு, 2010-இல் ஆணையம் ஊக்கத்தொகையை வழங்கவே செய்தது.

கலிஃபோர்னியாவின் தலா மின் நுகர்வு 1970-களின் நடுப்பகுதியிலிருந்து பெரிதாக உயரவில்லை. இதில் மின் நிறுவனங்களின் தள்ளுபடிக்குப் பங்குண்டு. ஆனால் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் போன்ற அறிவியலாளர்கள் முன்னின்று வாதாடிப் பெற்ற கட்டட, சாதனத் தரவிதிகளுக்கும் மிதமான கடலோரத் தட்பவெப்பத்துக்கும் உள்ள பங்கைக் கழித்துவிட முடியாது. தரவிதி வந்துவிட்டால் தள்ளுபடிக்கே தேவை இருக்காது. நல்ல தள்ளுபடித் திட்டம் என்பது புதிய பொருளைச் சந்தையில் பழக்கி, அதையே விதியாக்கிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் நலன் இதற்கு எதிராக நிற்கும் இடம் இதுதான். எரிவாயு விற்கும் தென் கலிஃபோர்னியா கேஸ் நிறுவனம், சிக்கனத்துக்கென வசூலித்த பணத்தைக் கொண்டே கடுமையான தரவிதிகளை எதிர்த்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2018-இல் ஆணையம் அதைத் தரவிதிப் பணிகளிலிருந்து விலக்கியது. அந்தத் தடையை மீறியதற்காக 2022-இல் ஏறத்தாழ 1 கோடி டாலர் அபராதம் விதித்தது.

ஒஹாயோவில் திட்டமே இல்லாமல் போனது. 2025-க்குள் 22 சதவீதச் சேமிப்பை எட்ட வேண்டும் என்று 2008-இல் வகுத்த இலக்கை, அணு மின் நிலையங்களுக்கு மானியம் தந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முடித்துவைத்தது. அந்தச் சட்டத்துக்காக ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் தரப்பிலிருந்து சுமார் 6 கோடி டாலர் கைமாறியது பின்னர் அம்பலமானது. அந்த வழக்கில் அன்றைய சட்டமன்ற அவைத்தலைவர் லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023-இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

வெர்மான்ட் வேறு வழியில் போனது. 2000-ஆம் ஆண்டிலிருந்து 'எஃபிஷியன்சி வெர்மான்ட்' என்ற பெயரில் லாப நோக்கற்ற ஓர் அமைப்பு, இந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறது. பணம் மின் கட்டணத்தோடுதான் வருகிறது. சேமிப்பை அரசுத் துறை தனியாகச் சரிபார்க்கிறது. ஆனால் அது ஏழு லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம். தவிர, நிர்வாகத்தை மாற்றுவதால் எல்லாக் குறையும் தீராது. வாடகை வீட்டில் மின் கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். சுவருக்கு வெப்பக்காப்பு போட வேண்டியவர் வீட்டுக்காரர். இதனால் தள்ளுபடிக்குப் பணம் கட்டும் ஏழைக்கு அதன் பலன் எளிதில் எட்டுவதில்லை. அந்த மனக்குறை அரசியலாகவும் மாறும். மாசசூசெட்ஸில் குளிர்காலக் கட்டணம் எகிறி மக்கள் கொதித்தபோது, 2025–27-க்கான 500 கோடி டாலர் திட்டத்தில் 50 கோடியை அம்மாநில ஒழுங்குமுறைத் துறை வெட்டியது.

ஆக, மின் நிறுவனத்தை அடியோடு ஒதுக்குவதும் தவறு, எல்லாவற்றையும் அதனிடம் விடுவதும் தவறு. பணம் வசூலிக்கவும் பயன்பாட்டுத் தகவலைத் தரவும் அதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. திட்டத்தை யார் நடத்துவது என்பதை மாநிலத்தின் அளவையும் நிறுவனத்தின் நடத்தையையும் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் மிச்சமானதை அளப்பதும் தரவிதி பற்றிப் பேசுவதும் அதன் கைக்குப் போகவே கூடாது. ஊக்கத்தொகை பெறுபவரே கணக்கும் எழுதினால், மிச்சமாவது மின்சாரமா, வெறும் எண்ணா என்று கட்டணம் கட்டுபவருக்குத் தெரிய வழியில்லை.