அம்மிக்கு ஆகும் கல்

வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அம்மி கொத்த ஆள் வந்து பல காலமாயிற்று. நான் சிறுவனாக இருந்த நாளில் வருஷத்துக்கு ஒரு தரமாவது ஒருவர் லயத்துக்கு லயம் ஏறி இறங்குவார். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் மூன்று உளி, ஒரு சுத்தியல். இஸ்தோப்பில் குந்தி அம்மியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். உளியை உடனே எடுக்கமாட்டார். சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"நல்ல கல்லு ஆத்தா. கணீர்னு பேசுது."

"நல்ல கல்லுன்னா கூலியக் கொறச்சுக்கப்பா" என்பார் அம்மாயி.

"நல்ல கல்லுக்குத்தான் ஆத்தா கூலி கூட. ரெண்டு உளிய மொட்டையாக்கிட்டுத்தானே விடும்!"

உளியைத் தின்கிற கல்தான் மிளகாயை அரைக்கும். அதுதான் அவர் கணக்கு.

கல்லைக் காதால் பார்ப்பது பழைய வித்தை. சிற்பிகள் மரபில் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று ஓசையை வைத்தே பிரிப்பார்கள். கணீரென்று மணிபோல ஒலிப்பது ஆண்கல். நாதமே எழாதது அலிக்கல், அதைச் சிலைக்கு எடுப்பதில்லை. இதில் மாயம் ஒன்றுமில்லை. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலோ, துகள்கள் தளர்ந்திருந்தாலோ அடித்த அதிர்வு பாதி வழியில் செத்துப்போகும். இறுகிய கல்லில்தான் அது முழுதாக ஓடித் திரும்பும்.

அவர் கொத்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரே கனத்தில் அடி. நெல் நாற்று நட்டாற்போல வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஆழம் கூடினால் மிளகாய் விதை உள்ளே போய்த் தங்கிவிடும். குறைந்தால் ஒரு மாதத்தில் வழுவழுத்துவிடும். புதிதாகக் கொத்திய இடத்தில் கருமைக்குள் ஒரு பச்சை ஓடும். எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். பழுப்பேறிக் கிடந்த கல்லுக்குள் இந்த நிறமா என்று இருக்கும். முடித்ததும் ஒரு பிடி நொய்யையும் கல்லுப்பையும் அரைத்துக் கொட்டச் சொல்வார், கல்தூள் போவதற்கு. அன்றைக்குச் சம்பல் கிடையாது.

எல்லாக் கல்லும் அம்மிக்கு ஆகாது. ஆகும் கல்லில் ஒன்றுக்கொன்று வன்மையில் வேறுபட்ட கனிமங்கள் கலந்திருக்கும். பத்துக்கு இத்தனை என்று வன்மையை அளந்தால் குவார்ட்ஸ் 7, பெல்ட்ஸ்பார் 6. ஒன்று மெல்லத் தேய, மற்றது இன்னும் மெல்லத் தேய, மேல்பரப்பு சீக்கிரம் மழுங்காது. கல் தன் பல்லைத் தானே கொஞ்ச காலம் காத்துக்கொள்ளும். மத்திய மலைநாட்டில் பளிங்கு வகை வெள்ளைக் கல்லும் உண்டு. பார்வைக்கு அழகு. அதிலுள்ள கால்சைட்டின் வன்மை 3தான். அதில் அம்மி செய்தால் மிளகாயோடு கல்லும் அரைபட்டுச் சட்டிக்கு வரும். தேசிக்காய்ப் புளி பட்டால் அரித்தும் போகும்.

அதற்காக அந்த வெள்ளைக் கல்லைத் தள்ளிவிட முடியாது. மாத்தளையிலும் திகனையிலும் வெட்டிப் பொடியாக்கி, டொலமைட் என்று மூட்டையில் வருவது அதன் இனந்தான். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. ஆனால் வருஷக்கணக்காக உரம் போட்டுப் போட்டு மண்ணின் புளிப்பு எல்லை மீறும்போது, கவ்வாத்துக் காலத்தை ஒட்டி டொலமைட்டைத் தூவுவார்கள். புளிப்புக்கு இளகும் அந்தக் குணந்தான் அங்கே வேலை செய்கிறது. சம்பலுக்கு ஆகாத கல் கொழுந்துக்கு ஆகிறது.

ஒரு கல் எதற்கு ஆகும் என்பதை, அது எங்கே எப்படிப் பிறந்தது என்பதே தீர்மானிக்கிறது. தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தோமே, அது வெறும் மனப்பாடமில்லை. யாழ்ப்பாணத்துக் கல் அடையல். கடலடியில் சுண்ணாம்பு படிந்து உண்டானது. அதனால் நீர் புகும், கிணறு ஊறும், சீமெந்துக்கும் ஆகும். காங்கேசன்துறையில் ஆலை வந்தது அந்தக் கல்லை நம்பித்தான். எங்கள் மலைக் கல் உருமாறியது. இன்று பளிங்காக இருப்பது ஒரு காலத்துச் சுண்ணாம்புப் படிவு. குவார்ட்சைட் முகடுகள் ஒரு காலத்து மணல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானா என்ற பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது, இவையெல்லாம் பூமிக்குள் இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய், 800 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வெந்தன. அந்த வேக்காட்டில் கல்லுக்குள் இருந்த நீர்ப்பசை வற்றியது. நீர் சேர்ந்தால்தான் உண்டாகும் மைக்காவுக்குப் பதில், உலர்ந்த கருங்கனிமமான பைரொக்சீன் விளைந்தது. அம்மியில் பார்த்த அந்தப் பச்சைக் கருமை அப்படி வற்றக் காய்ச்சிய கல்லின் நிறம்.

இதற்கு அறிஞர்கள் வைத்த பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கொல்கத்தாவில் புனித யோவான் தேவாலய வளவில் ஜோப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லின் இனத்துக்குச் செத்தவரின் பெயரையே சூட்டினார். கல்லோ வங்காளத்துக் கல் அல்ல. சென்னைக்குப் பக்கத்தில், பரங்கிமலை பல்லாவரம் பக்கத்துக் கல். பல்லவன் குடைந்த குகை இருக்கும் அதே பல்லாவரம்.

கோப்பிக் காலத்தில் எங்கள் பாட்டன் பாட்டிமார் தமிழ்நாட்டை விட்டுக் கடல் தாண்டி வந்தபோது எதையெதையோ விட்டு வந்தார்கள். அம்மியைத் தூக்கி வர வேண்டியிருக்கவில்லை. இறங்கிய மலையிலும் அதே குடும்பத்துக் கல்தான் கிடந்தது.

அந்தக் கல்லைக் கொண்டு அவர்கள் கட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது மலைச் சரிவுகளில் ஓடும் கல்லடுக்குச் சுவர்கள். சீமெந்து கிடையாது, சாந்து கிடையாது. பெரிய கல் அடியில். ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டின் மேல் உட்காரும். சுவர் முழுதும் மலையின் பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்கும். இடுக்கில் சில்லுக் கல். மழை பெய்தால் சுவர் வியர்ப்பதுபோல இடுக்கெல்லாம் நீர் கசியும். அதுதான் அதன் உயிர். சாந்து பூசி அடைத்த சுவருக்கு நீர்வழி விடாவிட்டால், பின்னால் நீர் கட்டி வயிறு தள்ளி விழும். 2007 ஜனவரியில் வலப்பனையில் மண்சரிவுகள் வந்து உயிர்களைக் கொண்டுபோனதை அறிந்தவர்களுக்கு, மண்ணுக்குள் தேங்கும் நீர் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய சரிவு வந்தால் அந்தச் சுவர் தாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கானும் கல்லடுக்கும் சேர்ந்து அன்றாட மழையை வழியனுப்பிவைக்கும். அதுவே பெரிய வேலை.

சிங்களத்தில் 'கல' என்றால் கல். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களின் வாலில் வரும் அந்த ஓசை தமிழ் நாக்கில் ஏறியதும் ராகலை, கொட்டகலை என்று ஆயிற்று. கல்லைக் கலையாக்கியது இந்தச் சுவர்கள்தான் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

உளியே படாத கல்லும் உண்டு. தேயிலை மலைக்குள் மரத்தடியில் சந்தனமும் குங்குமமும் பூசி நிற்கிறதே, அது. கவ்வாத்துச்சாமி என்றும் முனி என்றும் கும்பிடுவார்கள். அதற்கு மட்டும் யாரும் தட்டிப் பார்த்து ஓசை கேட்பதில்லை.

எங்கள் அம்மி இப்போது பீலிக்கரையில் கிடக்கிறது. வீட்டுக்குள் கிரைண்டர் வந்தபிறகு துணி துவைக்கப் போனது. சென்ற தடவை போனபோது கவனித்தேன். அதன் ஒரு ஓரம் பிறைபோல உள்வாங்கித் தேய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் கவ்வாத்துக் கத்தியோடு வந்து, தண்ணீர் தெளித்து, அந்த ஓரத்தில் தீட்ட ஆரம்பித்தான். சுற்றிலும் வேறு கல் எத்தனையோ கிடந்தன.

"ஏன் தம்பி, இந்தக் கல்லுலயே?"

விரல் நுனியால் கத்தியின் கூரைத் தடவிப் பார்த்தான்.

"மத்ததெல்லாம் வழுக்குதுண்ணே. இதுதான் கத்தியப் பிடிக்குது."