பறங்கிப்பட்டையும் ஒரு பட்டமும்

மருத்துவ வரலாற்றில் ஆன்லைன் முதுகலைப் படிப்பு ஒன்றில் சேரலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் இரண்டு கட்சி. "ஒனக்கு எதுக்குடே இந்த வயசுல இன்னொரு பட்டம், எல்லாந்தான் நெட்டுல கெடக்கே" என்பது ஒரு கட்சி. "பேருக்குப் பின்னால எம்.ஏ. இருந்தாத்தான் நாலு பேர் மதிப்பான்" என்பது அடுத்த கட்சி. இரண்டுமே தப்பு என்று இப்போது படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் கட்சி சொல்வதில் பாதி உண்மை. ராபர்ட் வைட் என்ற கம்பெனி சர்ஜன் 1830களில் பாளையங்கோட்டையில் இருந்தபோது குற்றாலத்து மலையேறிச் செடி சேகரித்தவர். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்த படங்களோடு அவர் வெளியிட்ட தொகுதிகளைத் தென்காசியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து காசில்லாமல் பார்க்கிறேன். வெல்கம் நூலகத்தின் ஸ்கேன்கள், தமிழிணைய மின்னூலகம், யாழ்ப்பாணத்தில் டாக்டர் கிரீன் தமிழில் கொண்டுவந்த மருத்துவப் பாடநூல்கள் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லி நான் ஃபீஸ் கட்ட முடியாது.

ஆனால் கிடைத்ததைப் படித்து நான் என்ன செய்தேன்? அங்கேதான் இடிக்கிறது.

சில வருஷம் முன்பு பறங்கிப்பட்டை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அகத்தியர் பேரில் அச்சான வைத்திய நூலில் அதன் குணம் சொல்லும் பாட்டு இருக்கிறது. பொதிகை மலையடிவாரத்துக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 'ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் சித்தர்கள் அறிந்த மருந்து' என்று எழுதிவிட்டேன். வாட்ஸப்பில் சுற்றியது. குற்றாலம் சீசனில் ஒரு மருந்துக் கடைக்காரர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டியே வைத்திருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற சித்த மருத்துவர் ஒருவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, பறங்கின்னா யாரு?"

அவ்வளவுதான். பறங்கி என்றால் ஐரோப்பியன், முதலில் போர்ச்சுக்கீசியன். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்குப் பறங்கிக்காய் என்று பேர் வைத்தவர்கள் நாம். அதே மாதிரி கப்பலோடு வந்த மேகநோய்க்குப் பறங்கிப்புண் என்று பேர். அந்தப் புண்ணுக்காகச் சீனத்திலிருந்து வந்த வேருக்குப் பறங்கிப்பட்டை என்று பேர். கோவாவில் மருத்துவம் பார்த்த கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட நூலில் இந்த வேரைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டின் பாவப்பிரகாசம் என்ற வடமொழி நூலும் நோய்க்குப் 'பிரங்க ரோகம்' என்றே பேர் சொல்லி, அதே வேரை மருந்தாகச் சொல்கிறது. அப்படியானால் நான் காட்டிய பாட்டு 1500க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. முழு நூலும் பிந்தியதா, இந்தப் பாட்டு மட்டும் இடையில் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை.

தேதி தப்பானதைவிட வேறொன்றுதான் என்னை உறுத்துகிறது. ஊர்பேர் தெரியாத ஒரு புது நோய் கரையிறங்குகிறது. எந்த ஏட்டிலும் அதற்கு மருந்தில்லை. அப்போது இங்கே இருந்த வைத்தியர்கள் 'பழைய நூலில் இல்லையே' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கடல் தாண்டி வந்த வேரை வாங்கி, கொடுத்துப் பார்த்து, பாட்டாகக் கட்டி வைத்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரர்கள்! ஐயாயிரம் வருஷம் என்று நான் எழுதிய ஒரு வரி அந்த மனிதர்களை மொத்தமாக அழித்துவிட்டது. சித்த மருத்துவத்தைப் பெருமைப்படுத்துகிறேன் என்று நாம் எழுதும் பெரும்பாலான கட்டுரைகள் இதே காரியத்தைத்தான் செய்கின்றன.

என் தொழிலில் எவ்வளவு சீனியராக இருந்தாலும் கோடை இன்னொருவர் ரிவ்யூ பண்ணாமல் உள்ளே விடமாட்டார்கள். வரலாற்றில் மட்டும் நானே எழுதி, நானே சரி பார்த்து, நானே வெளியிட்டுக்கொண்டிருந்தேன். படிப்பில் சேர்ந்தால் கிடைக்கிற உருப்படியான பொருள் இதுதான்: தப்பைக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு ஆள்.

சரி, சேர்ந்துவிடலாமே? அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாற்றை ஆன்லைனிலேயே முதுகலையாகவோ சான்றிதழாகவோ படிக்கலாம். 1944-இல் அங்கிருந்துதான் ஹென்றி சிகரிஸ்ட் என்ற பேராசிரியர் போர் குழுவுக்கு ஆலோசனை சொல்ல இந்தியா வந்தார். மருத்துவ வரலாற்றுக்கு இங்கே ஒரு துறை வேண்டும் என்று 1946-இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. 1950களில் ஹைதராபாத்தில் அப்படி ஒன்று உருவாகி, இன்று தேசிய இந்திய மருத்துவ மரபு நிறுவனமாக இருக்கிறது. ஆனால் அது ஆராய்ச்சி நிறுவனம். வேலையை விடாமல் வீட்டிலிருந்து படிக்கிற முதுகலை நம் பக்கத்தில் என் கண்ணில் படவில்லை.

வெளிநாட்டுப் படிப்பென்றால் கட்டணம் ரூபாயில் ஒரு கார் விலை. அதைவிட, இத்துறையின் பொது வரலாற்று நூல்கள் பலவற்றின் வரிசை ஹிப்போகிரட்டிஸ், கேலன், வெசாலியஸ், பாரிஸ் மருத்துவமனைகள், பாஸ்டர் என்றுதான் போகும். அது அவர்கள் கதை, தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் ஏட்டைப் பார்த்து காலம் சொல்ல, இடைச்செருகலைப் பிரித்தெடுக்க, அகத்தியர் என்ற ஒரே பேரில் எழுதிய பலரை அடையாளம் காண யார் சொல்லித் தருவார்? 'பறங்கின்னா யாரு' என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பாரா? தமிழ் தெரியாத திருத்துநர் என் அடிக்குறிப்பு வடிவத்தைத் திருத்துவார். ஐயாயிரம் வருஷத்தை ஒருவேளை நாகரிகமாக விட்டுவிடுவார்.

ஆகவே எனக்கு இரண்டு திருத்துநர்கள் தேவை. ஒருவர் வரலாற்று முறை தெரிந்தவர், இன்னொருவர் ஏடும் மருந்தும் தெரிந்தவர். எந்த ஒரு படிப்பும் இரண்டையும் தராது. என் முடிவு இது: முதுகலை இப்போதைக்கு இல்லை. சிறிய சான்றிதழ்ப் படிப்புக்கு மட்டும், தமிழ் மூலங்களை வைத்துக் கட்டுரை எழுதலாமா, அதை யார் படிப்பார்கள் என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். 'ஆம்' என்று ஒழுங்கான பதில் வந்தால் சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணாச்சி வீட்டில் ஏடு வாசிக்கப் பழகுகிறேன். அதற்கு ஃபீஸ் அரைக்கிலோ காப்பித்தூள்.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. அதன் தலைப்புக்குக் கீழே 'இது தவறு' என்று எழுதி, காரணத்தையும் சேர்த்திருக்கிறேன். மருந்துக் கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். "இருக்கட்டும் சார், யாவாரம் நல்லா போகுது" என்றார். அந்தத் தாள் இன்னும் அங்கேயேதான் ஒட்டியிருக்கிறது.