காய்ச்சல்னு சொல்லிட்டுப் போன நாள்: தஞ்சை எழுத்தும் நம் ஓய்வும்

‘தஞ்சாவூர் எழுத்து’ என்றவுடன் தமிழ் வாசகருக்கு என்ன ஞாபகம் வருகிறது? திண்ணை, வெற்றிலைச் செல்லம், காப்பி, ஆற்றுக் குளியல், சாயங்காலப் பாட்டு. ஒரு பகல் முழுவதையும் பேசியே கழிக்கத் தெரிந்த மனுஷர்கள். தி. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர். எங்கள் நன்னிலத்திலிருந்து அது ரொம்ப தூரமில்லை. அவரை ரசித்துப் படித்தவன்தான் நான். அவரும் சிட்டியும் காவிரியைக் கரையோரமாகவே பார்த்துவந்து ‘நடந்தாய் வாழி, காவேரி’ என்று பயண நூல் எழுதினார்கள். ஓர் ஆற்றைப் பார்ப்பதற்கென்றே நாட்களை ஒதுக்க முடிந்தவர்களின் புத்தகம் அது. அதே ஆற்றின் தண்ணீரை மடை மாற்றி வயலுக்கு விட்டவர்களுக்கு ஆற்றைப் பார்க்க நேரம் இருந்ததில்லை.

அந்தத் திண்ணை ஓய்வு யாருடைய உழைப்பில் நின்றது என்ற கேள்வியைத் தலித் விமர்சனம் தொண்ணூறுகளிலேயே கேட்டுவிட்டது. அதை மறுபடியும் கேட்க நான் வரவில்லை. கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. நமக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இருந்ததா? இருந்தால் அன்றைக்கு என்ன செய்தோம்? அது ஏன் நம் எழுத்தில் இல்லை?

எங்கள் தெருவுக்கு ‘லீவு’ என்ற சொல்லே பள்ளிக்கூடம் வழியாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது ‘வேலையில்லாத நாள்’. அது வேறு சங்கதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையிருக்காது, அடுப்பும் எரியாது. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்காத வருஷங்களில் நாற்றங்காலே கிடையாது, நாற்று பறிக்கிறவளுக்கு வேலை எங்கிருந்து வரும்? அப்படிக் கிடந்த நாட்களை ஓய்வு என்று யாராவது சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

திருவிழா நாட்களாவது நம்முடையவையா? ஊருக்குச் சாமி புறப்பாடு என்றால் நம் ஆட்களுக்குத் தப்படிக்கும் வேலை. மாட்டுப் பொங்கலன்று பண்ணை மாட்டுக்கு லீவு. அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிக்கிற பண்ணையாளுக்குக் கிடையாது. விழா நாளில் மேல் கீழாகும், கீழ் மேலாகும் என்று ருஷ்ய அறிஞர் பக்தின் சொன்னதை நம் சிறுபத்திரிகைகள் அந்தக் காலத்தில் நிறையவே பேசின. அந்த விழாவுக்குத் தப்படிக்கிறவன் எப்போது உட்காருவான் என்று நாமும் கேட்கவில்லை.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் போராட்டத்தால் 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வைத்ததே அன்றைக்குப் பெரிய வெற்றி. உடம்பு அடிபடாமல் இருந்தால்தானே ஓய்வைப் பற்றி யோசிக்க முடியும்! 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலிருந்து தப்பிக்கப் பல மிராசுதாரர்கள் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். பண்ணையாளாக இருந்தபோது ஒரு நாள் வராவிட்டால் உதை. கூலியாளானபின் ஒரு நாள் வராவிட்டால் பட்டினி.

ஆலையில் கதை வேறு மாதிரி நடந்தது. பம்பாய் மில் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று 1884-இலிருந்து கேட்டு, 1890-இல் வாங்கிக் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிபா பூலேயின் சத்தியசோதக் இயக்கத்துக்காரர். நாம் சும்மா அனுபவிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் ஒரு சாதி எதிர்ப்பாளர் நிற்கிறார். அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946-இல், ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரம் 48 மணியாகக் குறைந்தது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதிப்படுத்தியது. இந்தச் சட்டமெல்லாம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வரப்புக்கு வரவில்லை.

இனி நம் பக்கத்து எழுத்துக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25-இல் வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்ற பிறகு, கீழத் தஞ்சையின் சேரி இலக்கியத்துக்குள் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975-இல் வந்தது. அதில் உட்கார்ந்து விவாதம் பண்ண நேரம் உள்ளவர்கள் டில்லியிலிருந்து வந்த படித்தவர்கள். சேரிக்காரர்கள் போராடவும் சாகவும் வருகிறார்கள். 1999-இல் வந்த சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. ஆனாலும் அந்த நாவலின் கண் கூலிப் போராட்டத்திலும் அந்த ராத்திரியிலுமே நிற்கிறது. எரிந்துபோனவர்களைப் பற்றி எழுதும்போது அப்படித்தான் ஆகும். வெண்மணிக்கு முந்தின வாரம் அந்தப் பெண்கள் எதற்காகச் சிரித்தார்கள் என்று கேட்க நமக்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் என் அம்மாவின் வாழ்க்கையைச் சாட்சியமாக எழுதினேன். நாற்றங்காலில் நின்று கால் வெடித்தது, களத்தில் மரக்காலைச் சாய்த்து அளந்து ஏமாற்றியது, டீக்கடையில் தனிக் குவளை, எல்லாம் எழுதினேன். எதுவும் பொய்யில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, “இவ்வளவுதானாடா நானு?” என்றார். எனக்குப் புரியவில்லை. “ஊத்தா போட்டது, கொட்டாய்க்குப் போனது, ஒண்ணத்தையும் காணுமே. நான் என்ன, ஒரு நாளும் சிரிக்காமயா இருந்தேன்?”

பிறகு அவரே சொன்னார். மாசி மாசம். அறுப்பெல்லாம் முடிந்து வீட்டில் கொஞ்சம் நெல் இருந்த நேரம். பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் பண்ண வரச் சொல்லிக் காரியக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார். அம்மா, “காய்ச்சல், எந்திரிக்க முடியல” என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டார். வந்தவன் தெருமுனை தாண்டியதும் எழுந்து, சித்தியையும் பக்கத்து வீட்டு அக்காளையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. ஊத்தாவைப் போட்டுப் போட்டுக் கையை விட்டுத் துழாவினால் குறவையும் கெளுத்தியும் அகப்பட்டன. கெளுத்தி முள் சித்தி கையில் குத்திவிட்டது. “அவ கத்துன கத்துல காரியக்காரனுக்கே கேட்டிருக்கும்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் சீயக்காய் போட்டுத் தலை முழுகி, வாசலில் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்து, மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டு, மத்தியானம் தூக்கம். பகலில் தூங்கியதுதான் அம்மாவுக்குப் பெரிய விஷயம். “வெயிலு இருக்கையில பாயில படுக்கிறது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான்டா தெரியும்.” சாயங்காலம் கொட்டாயில் தரை டிக்கெட்டு. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்தார்கள். என்ன படம் என்று அம்மாவுக்கு ஞாபகமில்லை. மணல் சில்லென்று இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் விஷயம் தெரிந்துபோய்க் காரியக்காரர் களத்தில் வைத்துக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. ஒரு வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த ஒரு வாரம் பட்டினி என்பதை மட்டும்தான் நான் முதலில் எழுதியிருந்தேன்! அந்தப் பட்டினி எதற்குக் கொடுத்த விலை என்பதை எழுதவில்லை. நான் அம்மாவைப் பண்ணைக்காரன் பார்த்த மாதிரியே பார்த்திருக்கிறேன். அவன் அவரை வேலை செய்யும் உடம்பாகப் பார்த்தான். நான் அடிபட்ட உடம்பாகப் பார்த்தேன். படுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்த ஒரு பெண் இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சில தோழர்கள் வருத்தப்படுவார்கள். சேரியில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்ல வருகிறாயா என்பார்கள். ஆதிக்க சாதிக்காரன் இதை எடுத்துக்காட்டி ‘அந்தக் காலத்தில் எல்லாம் நல்லாத்தானே இருந்தீங்க’ என்று சொல்ல மாட்டானா? சொல்வான். சொல்கிறான். அவனுக்குப் பதில், ஒரு நாள் மீன் பிடிக்க ஒரு பொய்யும் ஒரு வாரப் பட்டினியும் தேவைப்பட்டது என்பதுதான். அந்த நாளை மறைத்துவிட்டால் இந்தப் பதிலும் போய்விடும்.

இந்த வழியில் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். ராஜ் கௌதமன் 1993-இல் ‘தலித் பண்பாடு’ எழுதினார். பிறகு ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் தன் வாழ்க்கையைக் கேலியும் சிரிப்புமாகச் சொன்னார். பாமாவின் ‘சங்கதி’ப் பெண்கள் அடியும் வாங்குகிறார்கள், பாட்டும் கட்டுகிறார்கள். ஆனால் விமர்சனம் எழுதுகிற நாம் அடியை அடிக்கோடிட்டுவிட்டுப் பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நம் கொண்டாட்டத்தையும் விசாரிக்க வேண்டும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம். அதன் ஆரோக்கியம் தலித் தெருவுக்கே துணி வெளுக்கிறவள். அந்தத் தெருவில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவளுக்கு வேலை. நம் லீவிலும் யாரோ உழைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அந்த நாளிலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மூன்று பெண்களும் மீன் பிடித்து, அவர்களே ஆய்ந்து, அவர்களே குழம்பு வைத்தார்கள். அப்பா சாப்பிட்டார்.

மனுஷன் மிருக வாழ்க்கையிலிருந்து மீள ஓய்வு வேண்டும், ஓய்வில்லாமல் பண்பாடு கிடையாது என்று அம்பேத்கர் 1945-இல் காந்தியத்தை மறுத்து எழுதிய இடத்தில் வாதாடுகிறார். ஓய்வு என்பது களைப்பு நீங்கி மறுபடி வேலைக்குப் போவதற்கான ஏற்பாடு என்று முதலாளிதான் நினைப்பான். அம்பேத்கர் அதை மனுஷனாவதற்கான நிபந்தனையாக வைத்தார். பிரான்சில் 1830-களின் தொழிலாளர்கள் தூங்க வேண்டிய ராத்திரிகளில் கவிதை எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள் என்று ழாக் ரான்சியேர் 1981-இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் பெண்கள் எழுதி வைக்கவில்லை. சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் தெருப் பையன்கள் இன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கூட்டத்துக்கு வரக்கூடாதா, நாலு பக்கம் படிக்கக்கூடாதா என்று திட்டுவேன். இப்போது திட்டுவதில்லை.

சாட்சியம் சேகரிக்கப் போகிற மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களிடம் உட்கார்ந்து ‘என்னென்ன கஷ்டப்பட்டீங்க’ என்று கேளுங்கள். அதோடு எழுந்துவிடாதீர்கள். ‘வேலைக்குப் போகாம என்னைக்காவது இருந்தீங்களா, அன்னைக்கு என்ன செஞ்சீங்க’ என்றும் கேளுங்கள். அவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு சொல்வார்கள். அதையும் எழுதுங்கள்.