பாலையும் நிலப்படமும்

ஆப்பிரிக்காவில் சாடு நாட்டின் வடபகுதியிலே, சகாராவின் நடுவே, திபெஸ்தி என்னும் எரிமலைத் தொடர் நிற்கிறது. அதன் உச்சியாகிய எமி கூசி 3,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. 1869-இல் குஸ்தாவ் நாக்டிகால் என்னும் செருமானியர் பெரிதும் இன்னலுற்று அம்மலைநாட்டை அடைந்தார். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் அலைகொண்டு 11 நாளில் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அளந்தபோது, அவ்வெரிமலை வாய்களும் அளவுக்குள் அடங்கின.

இத்தகைய படத்தைக் காட்டி, 'இதுவே பாலை நிலம்' என்று மாணவர்க்குச் சொல்வோர் நம்மிடையே உளர். யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தவன். அது பிழை என்று இப்போது கருதுகிறேன்.

தொல்காப்பியர் நான்கு நிலத்துக்கே தெய்வம் வகுத்தார். பாலைக்கு வேனிலும் பின்பனியும் நண்பகலுமாகிய பொழுதையே கூறினார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கூற்று. அஃது எவ்விடத்து வருகிறது என்பது நோக்கத்தக்கது. காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லுமிடத்து வருகிறது. கொடும்பாளூர்க் குளத்தருகே வழி சூலம்போல் மூன்றாகப் பிரிவதும், வலநெறியிற் சிறுமலையும், இடநெறியில் திருமால்குன்றமும், ஆங்குள்ள பொய்கை மூன்றும் அவன் வாயால் நிரல்பட வருகின்றன. சொல்லால் வரைந்த நிலப்படம் இது. ஆனால் அளவையார் படத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு, அது பருவம். எமி கூசி எப்பருவத்தும் எமி கூசியே. மறையோன் காட்டும் பாலையோ, மழை பெய்தால் மீண்டும் முல்லையும் குறிஞ்சியும் ஆகும். பிரிந்தவன் கார்காலத்தில் மீள்வான் என்று தலைவி ஆற்றியிருப்பதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது. சகாராவை அங்கே கொண்டுவந்து வைத்தால் அவள் எந்த மழையை நோக்கியிருப்பாள்?

பத்துமலையடியில் வாழும் பிள்ளைகள் வேனிலை அறியாரே எனலாம். இம்மலை சுண்ணாம்புப் பாறை, முன்பு சூழ்ந்திருந்தது மழைக்காடு. எனினும் 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை பொய்த்து நீர்ப்பங்கீடு வந்ததைப் பெற்றோர் நினைவில் வைத்திருப்பர். காடாயிருந்த இடம் ஈயம் தோண்டியபின் வெண்மணலாய்க் கிடந்ததையும் முதியோர் கண்டுள்ளனர். பின்னது வெயிலின் செயலன்று, மனிதன் கைவேலை. ஆதலின் அவ்வுவமை முற்றும் பொருந்தாது. முன்னதே தக்கது.

ஐந்திணைப் படம் எழுதும் ஆசிரியர் பாலைக்கெனத் தனி வண்ணம் தீட்ட வேண்டா. குறிஞ்சி, முல்லை வண்ணங்களின்மேல் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, அருகே பருவத்தின் பெயரை எழுதுக.